‘அனுப்பியாச்சு’ செயலாளர்

பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தனில் கடைவீட்டு மாடி ஏறினாலும் சரி, கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் நகைக்கடைக்கு மேலே ஏறினாலும் சரி, ஏதாவதொரு சங்கத்தின் பெயர்ப்பலகை கண்ணில் படும். உள்ளே ஒரு மேசைக் கணினி. அதன் நெற்றியில் ஒரு தாள்: ‘கணினியை அணைக்காதீர் – செயலாளர்’. மின்கட்டணத்தைப் பற்றிப் பொருளாளர் முணுமுணுத்தாலும் அந்தத் தாள் அசையாது, ஏனென்றால் செயலாளரின் செயல் அத்தனையும் அந்தக் கணினிக்குள்தான் நடக்கிறது. வரும் மின்னஞ்சல் எல்லாம் தானாகவே மற்றவர்களுக்குப் போய்ச் சேரும்படி அவர் அதில் ஒரு ‘ரூல்’ போட்டு வைத்திருக்கிறார். தண்டர்பேர்ட் ஆகட்டும், சாதாரண இணையச் சேவைக் கணக்கோடு ஓடும் பழைய அவுட்லுக் ஆகட்டும், செயலி திறந்திருக்கும்வரைதான் ரூல் வேலை செய்யும். வெள்ளிக்கிழமை யாராவது சுவிட்சைத் தட்டிவிட்டுப் போனால் சங்கம் இரண்டு நாள் ஊமையாகும். திங்கட்கிழமை காலை மொத்தமும் ஒரே மூச்சில் எல்லாருடைய தலையிலும் கொட்டும்.

இவரைச் சோம்பேறி என்று சொல்வோர் உண்டு. அந்தக் குற்றச்சாட்டை நான் ஏற்கவில்லை. சோம்பேறியாக இருந்தால் அவுட்லுக்கின் ரூல்ஸ் பக்கம்வரை நடந்திருப்பாரா? அங்கே போய்ச் சேருவதே ஒரு சிறு யாத்திரை. யாரிடமிருந்து வந்த மடல், தலைப்பில் என்ன சொல், இணைப்பு உண்டா என்று செயலி வரிசையாக நிபந்தனைகளைக் கேட்கிறது. நம்மவர் ஒன்றையும் தொடாமல் ‘அடுத்து’ என்கிறார். செயலிக்கே மனசு கேட்கவில்லை. ‘இந்த ரூல் உங்களுக்கு வரும் ஒவ்வொரு மடலுக்கும் பொருந்தும், சரிதானா?’ என்று ஒரு பெட்டியைத் திறந்து நிறுத்திக் கேட்கிறது. ஆமாம் என்கிறார். பிறகு பெறுநர் பட்டியல்: செயலவை, இளைஞர் பகுதி, மகளிர் பகுதி, ஆலோசகர்கள், இரண்டு முன்னாள் தலைவர்கள், விட்டால் கோபித்துக்கொள்ளக்கூடிய ஒருவர். இது சோம்பலின் வேலை இல்லை, திட்டமிட்ட உழைப்பு.

எந்த வகையில் அனுப்புகிறார் என்பதில்தான் ஆளின் உள்ளம் தெரியும். மடலை ஃபார்வர்ட் செய்யலாம், சில வகைக் கணக்குகளில் ரீடைரெக்ட்டும் செய்யலாம். ரீடைரெக்ட் செய்தால் எழுதியவர் பெயரிலேயே மடல் போகும், பதில் எழுதினாலும் எழுதியவருக்கே போகும், நடுவில் இருந்தவர் கண்ணுக்குத் தெரியமாட்டார். ஃபார்வர்ட் செய்தால் செயலாளர் பெயரில் போகும், பதிலும் அவருக்கே திரும்பும், அவர் அதைத் திறக்கமாட்டார். வேலைக்கு ஏற்றது முன்னது. பெயருக்கு ஏற்றது பின்னது. நம்மவர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று சொல்லவேண்டியதில்லை. பொறுப்பு பல பேருக்குப் பங்காக வேண்டும், பெயர் மட்டும் பங்காகக்கூடாது. இந்த இரண்டு ஆசையையும் ஒரே சொடுக்கில் நிறைவேற்றும் கருவி இதற்குமுன் மனித குலத்துக்கு வாய்த்ததில்லை.

அவரை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. அவரை வளர்த்தது நம் கூட்டங்கள். 1966-ஆம் ஆண்டு சங்கச் சட்டப்படி ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் ஆண்டறிக்கையைச் சங்கப் பதிவிலாகாவுக்கு அனுப்பியாக வேண்டும். நாள் தப்பிவிட்டது என்று நினைவுக் கடிதம் வருகிறது என்று வையுங்கள். கூட்டத்தில் எழும் கேள்வி, ‘கடிதத்தைப் படித்தீர்களா, என்ன செய்தீர்கள்?’ என்பதாக இருக்காது. ‘எங்களுக்கு ஏன் சொல்லவில்லை?’ என்பதாகவே இருக்கும். சொன்னதுதான் குற்றமின்மைக்குச் சான்று என்று ஆனபின், சொல்லும் வேலையை இயந்திரத்திடம் கொடுத்தவர் புத்திசாலி. “தலைவரே, எல்லாருக்கும் அனுப்பியாச்சே! உங்களுக்கும் வந்திருக்குமே!” என்ற ஒரே வாக்கியம் அவரை எந்தக் கூட்டத்திலிருந்தும் கரையேற்றும். தலைவருக்கு வந்தது உண்மை. பூச்சிமருந்து விளம்பரத்துக்கும் வங்கி அறிக்கைக்கும் நடுவில் வந்திருந்தது.

கிள்ளான் துறைமுகத்தில் ஃபார்வர்டிங்கை ஒரு தொழிலாகவே செய்வோர் ஏராளம். 1967-ஆம் ஆண்டு சுங்கச் சட்டத்தின் கீழ் அனுமதி பெற்ற முகவர், கொள்கலனில் என்ன இருக்கிறது என்பதற்கான பத்திரங்களைப் படித்து, இறக்குமதியானால் கே1 பாரத்தை நிரப்பிச் சுங்கத்துறைக்கு அறிவிக்கிறார். பொய்யாக அறிவித்தால் வழக்கு அவர் வாசலுக்கும் வரும். படித்துப் பார்த்துப் பொறுப்பேற்றால்தான் அவருக்குக் கூலி. மாடியில் இருப்பவர் செய்வது இதற்கு நேர் எதிர்: பெட்டியைத் திறக்காமலே ஊருக்கெல்லாம் ஒவ்வொன்று அனுப்புகிறார், சரக்கு அழுகியிருந்தால் வாங்கியவர்கள் முகர்ந்து பார்த்திருக்கவேண்டும் என்கிறார்.

ஒளிவுமறைவு இல்லாத நிர்வாகம்தானே இது, முன்பெல்லாம் செயலாளர்கள் கடிதத்தை இழுப்பறையில் வைத்துப் பூட்டவில்லையா என்று கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான். பூட்டிய இழுப்பறையைவிடத் திறந்த வெள்ளம் நல்லது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு கடிதத்தை ஒளித்துவைக்க ஆயிரம் கடிதங்களுக்கு நடுவே போடுவதைப் போல வசதியான இடம் வேறில்லை. அதிலும் அந்த ஆயிரத்தில் உறுப்பினர்களின் அடையாள அட்டை எண்ணும் நன்கொடை கேட்டு எழுதிய ஏழைக் குடும்பத்தின் விவரமும் இருக்கும். முன்னாள் தலைவர் இருவரும் ஆலோசகர்களும் அதையெல்லாம் அறிந்துகொள்வதில் என்ன வெளிப்படைத்தன்மை இருக்கிறதோ!

மின்னஞ்சல் களவாடுவோரின் வழக்கத்தோடு ஒப்பிட்டால் சங்கதி இன்னும் துலங்கும். ஒருவருடைய கணக்குக்குள் புகுந்த திருடன் முதலில் செய்யும் காரியங்களில் ஒன்று, மடல்கள் தனக்கும் வரும்படி ஃபார்வர்ட் ரூல் போடுவது. இந்த ஆபத்துக்காகவே, அமைப்புக்கு வெளியே தானாக அனுப்புவதை மைக்ரோசாஃப்ட் தன் வணிகச் சேவையில் 2020-ஆம் ஆண்டு முதல் இயல்பாகவே தடுத்துவைக்கிறது. கவனிக்கவேண்டியது இதுதான்: திருடன்கூட ‘இன்வாய்ஸ்’, ‘பேமெண்ட்’ என்று நிபந்தனை வைத்து வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்கிறான். நிபந்தனையே இல்லாமல் முழுவதையும் வாரி வழங்குபவர் நம்மவர் ஒருவரே.

பெறுநர் பட்டியலில் ஒரு ஜாரிங் முகவரியும் உண்டு. மலேசியாவின் முதல் இணையச் சேவை நிறுவனமான ஜாரிங் 2015-இல் மூடப்பட்டது. ஆனால் மூத்த ஆலோசகரின் ஜாரிங் முகவரியை நீக்கினால் மரியாதைக்குறைவாகிவிடும் என்று அது பட்டியலில் அப்படியே கிடக்கிறது. கணினி மடலை அனுப்புகிறது. அந்த முகவரி இல்லை என்று ஓர் அறிவிப்பு திரும்பி வருகிறது. அதுவும் வந்த மடல்தானே? ரூல் அதையும் எல்லாருக்கும், அந்த ஜாரிங் முகவரிக்கும் சேர்த்து அனுப்புகிறது. அதற்கும் ஓர் அறிவிப்பு திரும்புகிறது. சுற்றிச் சுற்றி வரும் மடலைப் பிடிக்க, அது எத்தனை வழங்கியைத் தாண்டியது என்று எண்ணும் ஏற்பாடு அஞ்சல் வழங்கிகளில் உண்டு. நூறு தாண்டல்வரையாவது பொறுக்கவேண்டும் என்கிறது இணையத் தர விதி. ஆனால் மேசைக் கணினி ஒவ்வொரு முறையும் புது மடலாக அனுப்புவதால் எண்ணிக்கை திரும்பவும் முதலிலிருந்தே தொடங்குகிறது. பெட்டி நிரம்பும்வரை, அல்லது யாராவது அந்தத் தாளை மீறி அணைக்கும்வரை, சங்கம் இதுவரை காணாத சுறுசுறுப்போடு இயங்குகிறது.

சம்பளமில்லாத தொண்டர், பகலில் வேறு வேலை, அவரிடம் போய் இவ்வளவு எதிர்பார்க்கலாமா என்று கேட்பார்கள். எதிர்பார்ப்பது மிகக் கொஞ்சம். பதிவிலாகாவிலிருந்து வருவது தலைவருக்கும், வங்கியிலிருந்து வருவது பொருளாளருக்கும் என்று இரண்டு நிபந்தனை. தே தாரிக் ஆறுவதற்குள் முடியும். மிச்சத்தைப் படிக்கவேண்டும் என்பதுதான் சிக்கல், படித்துவிட்டால் பதில் எழுதவேண்டி வரும்.

தேர்தல் வந்து அவர் இறங்கினாலும் ரூல் இறங்குவதில்லை. சாவி, முத்திரை, காசோலைப் புத்தகம், கூட்டக் குறிப்பேடு எல்லாம் கையெழுத்தோடு கைமாறும், அவுட்லுக்கின் அந்தப் பக்கத்தை யாரும் திறந்து காட்டமாட்டார்கள். புதிய செயலவைக்கு ஒரு மடலும் வராது, பழைய செயலவைக்கு எல்லாம் வந்துகொண்டிருக்கும். சில மாதம் கழித்துப் புதிய செயலாளர் ஒருவழியாக ரூல்ஸ் பக்கத்தைக் கண்டுபிடிப்பார். பழையதை எடுத்தால் யாராவது வருத்தப்படுவார்கள் என்று அதை விட்டுவிட்டு, அதற்குக் கீழே தம்முடையதைப் போடுவார், நிபந்தனை எதுவும் இல்லாமல்.