புல்வெளிக்கு மரம் தந்த வள்ளல்கள்

முல்லைக்கொடி படரக் கொழுகொம்பு இல்லையே என்று பாரி தன் தேரையே விட்டுவிட்டு நடந்தான். அவனாவது கொடி தவிப்பதைக் கண்ட பிறகு கொடுத்தான். நீலகிரியிலும் பழனி மலையிலும் ஆறாயிரம் அடிக்கு மேலே கிடந்த புல்வெளிகளுக்கு மரம் கொடுத்தவர்கள் அதற்குக்கூடக் காத்திருக்கவில்லை. புல் கேட்கவில்லை. வரையாடு கேட்கவில்லை. அங்கே எருமை மேய்த்த தோடர் கேட்கவில்லை. கேளாமலே கொடுத்தார்கள், தலைமுறை தலைமுறையாகக் கொடுத்தார்கள், இனி யார் நினைத்தாலும் எளிதில் திருப்பித் தர முடியாத அளவுக்குக் கொடுத்தார்கள். அவர்கள் செய்த காரியத்தின் பெருமையை உள்ளபடி எழுதுகிறேன். ஒரு சொல்லும் மிகையில்லை.

முதலில் அவர்கள் யாரை வென்றார்கள் என்று சொல்ல வேண்டும். டிசம்பர், ஜனவரி இரவுகளில் மலையுச்சியின் திறந்த சரிவுகளில் உறைபனி படியும். சோலை மரத்தின் விதை அங்கே விழுந்து முளைத்தாலும் அந்த இரவுகளில் குருத்து கருகிவிடும். அதனால் மலையின் மடிப்புகளில் சோலை, முகட்டிலும் சரிவிலும் புல், தாழ்வில் சதுப்பு என்று ஒரு பாகப்பிரிவினை அங்கே நிலைத்திருந்தது. யாரோ காட்டை அழித்ததால் வந்த புல் என்று வெகுகாலம் சொல்லிவந்தார்கள். நீலகிரிச் சதுப்புகளின் கரிய மண்ணை அடுக்கடுக்காக எடுத்து, அதிலிருந்த கார்பனை ஆராய்ந்தபோது, 20,000 ஆண்டுகளுக்கு முன்பும் அந்த மலையில் புல் இருந்ததற்குத் தடயம் கிடைத்தது. மனிதர் அங்கே உழவும் மேய்க்கவும் தொடங்குவதற்கு வெகு முன்பே புல் அங்கே குடியிருந்திருக்கிறது. அத்தனை ஆயிரம் ஆண்டுகள் உறைபனி காத்த எல்லையை நம்முடைய மரம் நடுவோர் ஒரு நூற்றாண்டில் கடந்து காட்டினார்கள்.

அதற்கு அறிவும் வேண்டியிருந்தது. உறைபனிக்கு அஞ்சாத மரத்தை உலகில் எங்கே தேடுவது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நீலகிரிக்காரர்கள் கற்பூர மரம் என்று சொல்லும் யூகலிப்டஸ் 1843-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. சீகை மரம் என்று அவர்கள் சொல்லும் வாட்டிலும் அதே நூற்றாண்டில், அதே கண்டத்திலிருந்து வந்தது. வெள்ளைக்காரர் விறகுக்காகத் தொடங்கியதை, விடுதலைக்குப் பின் நாம் தேசத் தொண்டாக வளர்த்தோம். 1952-ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கை, நாட்டில் மூன்றில் ஒரு பங்கும் மலைப்பகுதிகளில் 60 விழுக்காடும் காடாக இருக்க வேண்டும் என்றது. மலையில் பரந்து கிடந்த புல் அந்தக் கணக்கில் குறையாகத் தெரிந்தது. தோல் பதனிட வாட்டில் பட்டை, செயற்கைப் பட்டு நூலுக்கு யூகலிப்டஸ் கூழ் என்று தொழில்களும் கையை நீட்டின. குழி எடுத்தார்கள், கன்று சுமந்தார்கள், செங்குத்தான சரிவிலும் கோடு பிசகாமல் நட்டார்கள். மழையிலும் குளிரிலும் அந்தக் குழிகளை வெட்டிய கூலியாட்களின் உழைப்பை நினைத்தால் மனம் கனக்கிறது. அத்தனை வியர்வையும் இப்படிச் செலவானதே என்று.

பலனை அளந்தே காட்டலாம். பழனி மலையின் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வொன்று, 1973 முதல் 2014 வரையிலான நான்கு பத்தாண்டுகளில் அங்கிருந்த புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு, மரத்தோட்டங்களுக்கும் விவசாயத்துக்கும் போய்விட்டதாகக் காட்டியது. மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்நிலங்களை மொத்தமாகப் பார்த்த மற்றோர் ஆய்வு, ஏறக்குறைய 340 சதுர கிலோமீட்டர் புல்வெளியில் அந்நிய மரங்கள் ஏறிவிட்டதாகச் சொன்னது. இருந்ததில் 23 விழுக்காடு. போர் தொடுக்காமல், ஒருவரைக்கூட எதிர்த்து நிற்காமல், விழா எடுத்தே இவ்வளவு நிலத்தைப் பிடித்தவர்கள் வேறு யார்?

அவர்கள் தேர்ந்த துணையையும் பாராட்டாமல் போக முடியாது. வாட்டில் நன்றி மறவாத மரம். வனத்துறை அதை மலைமேல் பெருமளவில் நடுவதை நிறுத்தி நெடுநாளாகிவிட்டது, அது நிறுத்தவில்லை. அதன் விதை மண்ணுக்குள் ஐம்பது ஆண்டுகள் வரை உயிரோடு காத்திருக்கும். காட்டுத்தீ வந்தால் மற்ற செடிகள் கருகும். அதன் விதைக்குத் தோல் வெடித்து முளைக்கத் தீயே அழைப்பாகும். வாட்டில் இனங்களில் ஒன்று வெட்டிப் போட்டாலும் வேரிலிருந்து வரிசையாகத் துளிர்க்கும். காற்றிலிருக்கும் நைட்ரஜனை மண்ணில் சேர்த்து, ஏழை மண்ணுக்குப் பழகிய புல்லுக்கு அந்த இடமே பொருந்தாதபடி செய்துவிடும். நட்டவர் ஓய்வுபெற்று, மாண்டு, அவர் பேரப்பிள்ளைகள் வேறு ஊருக்குக் குடிபோன பிறகும் அவர் தொடங்கிய வேலையை ஒரு நாளும் விடாமல் செய்துகொண்டிருக்கும் மரம் அது.

தண்ணீர் விஷயத்தில் அவர்களுடைய கொடை மலையோடு நிற்கவில்லை, சமவெளிக்கும் இறங்கியது. புல்வெளியும் சதுப்பும் மழையைக் குடித்து வைத்துக்கொண்டு கோடையில் மெல்லக் கசியவிடும். பைக்காரா, குந்தா, பவானி என்று நாம் பெயர் சொல்லும் நீரெல்லாம் அந்தக் கசிவில் பிறந்தது. நீலகிரியில் இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை எடுத்து, ஒன்றைப் புல்லாகவே விட்டு, மற்றொன்றின் ஒரு பகுதியில் யூகலிப்டஸ் நட்டுப் பல ஆண்டுகள் அளந்தார்கள். முதல் பத்தாண்டுச் சுழற்சியிலேயே மரம் நட்ட பக்கத்தில் ஓடைநீர் ஏறக்குறைய 16 விழுக்காடு குறைந்தது. ஈரோட்டில் பவானிப் பாசனத்துக்கு மடை திறக்கும் நாளை எண்ணிக் காத்திருக்கும் விவசாயி, மலைமேல் தனக்காக யார் யார் உழைத்தார்கள் என்று அறிந்திருக்க வாய்ப்பில்லை. தென்னாப்பிரிக்காவில் இதே வாட்டில் ஆறுகளைக் குடிக்கிறது என்று கண்டு, 1995-இலிருந்து அரசே கூலி கொடுத்து அதை வெட்டுகிறது. நாம் அவ்வளவு அவசரப்படவில்லை.

இவர்களிடம் எனக்கு மிகவும் பிடித்த குணம், எண்ணத் தெரிந்திருப்பது. 2016 ஜூலையில் உத்தரப்பிரதேசத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 5 கோடி கன்றுகள் நடப்பட்டன. மறு ஆண்டு ஜூலையில் மத்தியப்பிரதேசம் 12 மணி நேரத்தில் 6.6 கோடி நட்டு அதை முந்தியது. இரண்டும் சாதனையாகப் பேசப்பட்டன. ஒவ்வொரு ஜூன் 5 அன்றும் நம் ஊர்களிலும் பலகை, ரிப்பன், பூவாளி, புகைப்படம். மரத்தை எண்ணலாம். புல்லை எப்படி எண்ணுவது? ஒரு சதுர மீட்டரில் எத்தனை வகைப் புல், எத்தனை நிலத்து ஆர்க்கிட், எத்தனை காசித்தும்பை இனம் என்று மண்டியிட்டுப் பார்த்தவருக்குத்தான் தெரியும். எண்ண முடியாததற்கு அரசு ஏட்டில் ஒரே பெயர்தான்: தரிசு. நாட்டின் தரிசுநில வரைபடத் தொகுப்பு புல்வெளிகளையும் அந்தக் கணக்கில் சேர்த்திருக்கிறது. 2024-இல் ஒன்றிய அரசு பசுமை வரவுத் திட்டத்துக்கு வகுத்த முறையோ, சீரழிந்தவை என்று குறிக்கப்பட்ட நிலங்களில் ஹெக்டேருக்குக் குறைந்தது 1,100 மரம் என்று அடர்த்தி நிர்ணயித்தது. தரிசு என்று எழுதினால் நடலாம்; நட்டால் எண்ணலாம்; எண்ணினால் வரவு. இதைவிடத் தெளிவான கணக்கு இருக்க முடியாது. அந்தக் கணக்கில் வராத ஒன்றே ஒன்று, அங்கே ஏற்கெனவே வாழ்ந்திருந்தவை.

தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலுக்குப் போன ஔவை, அங்கே நெய் பூசி மாலை சூட்டி வரிசையாக நின்ற ஆயுதங்களைப் புகழ்ந்தாள். அதியமானுடையவை நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடப்பதாகச் சொன்னாள். அவள் சொன்னதில் பொய் ஏதும் இல்லை. அதே நேர்மையோடு இரண்டு நாற்றங்கால்களைப் பற்றிச் சொல்கிறேன்.

ஒன்று, விழாக்களுக்குக் கன்று அனுப்பும் நாற்றங்கால். பைகள் ஒரே அளவு, கன்றுகள் ஒரே உயரம், ஒரே வயது, லாரி ஏற வசதி. எந்த மாவட்டத்துக்கும் எந்த மண்ணுக்கும் அதே கன்று போகும்.

மற்றது கொடைக்கானலை அடுத்த வட்டக்கானலில், ஓர் அறக்கட்டளை பல ஆண்டுகளாக நடத்திவருவது போன்றது. அங்கே எல்லாம் ஒழுங்கற்றுத்தான் இருக்கும். ஒரு பையில் விதை இரண்டு ஆண்டாக முளைக்கவில்லை, ஆனால் எறிய மாட்டார்கள். இன்னொன்றில் முளைத்தது எலி தின்றது போக மூன்று. உருத்திராட்ச மரத்தின் பேரினத்தைச் சேர்ந்த எலியோகார்பஸ் பிளாஸ்கோய் என்ற மரம், உலகில் பழனி மலைக்கு மட்டுமே உரியது, அழிந்துபோனதாகவே கருதப்பட்டது. அந்த வட்டக்கானல்காரர்கள்தான் சோலைக்குள் தேடி அலைந்து அதை மீண்டும் கண்டார்கள்; விதை எடுத்து, கன்று வளர்த்து, சோலையில் நட்டார்கள். இது சாதனைப் புத்தகத்தில் ஏறாது, ஏனென்றால் ஒரே நாளில் முடிந்த வேலை இல்லை. உலகத்தில் ஓர் உயிரினம் இன்னும் இருக்கிறது என்பது மட்டும்தான் அதன் விளைவு.

நீலகிரியிலும் அப்படிச் சிலர் உழைக்கிறார்கள். சாலை வெட்டிய மண்சரிவின் விளிம்பில், தேயிலைத் தோட்டத்தின் ஓரத்தில் எஞ்சியிருக்கும் பழைய புல்லிலிருந்து விதை சேர்க்கிறார்கள். ஒரு கொத்தைப் பிரித்துப் பத்தாக்குகிறார்கள். வாட்டில் வெட்டிய இடத்தில் கொத்துக் கொத்தாக நடுகிறார்கள். பிறகு தொடங்குகிறது உண்மையான வேலை. மண்ணுக்குள் தூங்கும் வாட்டில் விதைகள் வெளிச்சம் கண்டதும் கம்பளம் விரித்தாற்போல் முளைக்கும். அவற்றைக் கையால் பிடுங்க வேண்டும். அடுத்த மழைக்கு மறுபடி பிடுங்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் பிடுங்க வேண்டும். அழைப்பிதழ் அச்சடித்துச் செய்யும் வேலை இல்லை இது. ஆனால் காலநிலைக்காகச் செய்யும் வேலை என்று ஒன்று இருந்தால் அது இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். புல் தன் கார்பனை வேரிலும் மண்ணிலும் சேர்க்கிறது. மேலே தீ ஓடினாலும் கீழே சேமிப்பு நிற்கும், அடுத்த மழையில் புல் எழும். மரத்தோட்டம் சேர்த்ததோ தரைக்கு மேலே எரியக் காத்து நிற்கிறது.

தோடர் தங்கள் கோயிலுக்குக் கூரை வேய நீலகிரிச் சதுப்புகளில் வளரும் ஒருவகைப் புல்லை அறுப்பார்கள். வேறு புல் ஆகாது. சதுப்பைச் சுற்றி மரம் ஏற ஏறச் சதுப்பு வற்றும், கூரைப்புல் அரிதாகும். வரையாடு, நம் மாநில விலங்கு, 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031 இருந்தது. மேய்வதற்குத் திறந்த புல்லும், ஓடி ஒளிய அதையொட்டிய பாறைச்சரிவும் அதற்கு வேண்டும். வாட்டில் நிழலில் இரண்டுமே இல்லை. 2006-இலும் 2018-இலும் சரிவுகளை நீலமாக்கிய குறிஞ்சி ஒருமுறை பூத்து, விதை உதிர்த்து, செத்துவிடும். இப்போது மண்ணிலிருப்பது அதன் பிள்ளைகள், 2030-க்குத் தயாராகிக்கொண்டிருக்கின்றன. இந்தப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் ஒரு சரிவில் நிழல் மூடினால், அங்கே அந்தக் குறிஞ்சியின் வம்சம் முடிந்தது. இதையெல்லாம் எழுதும்போது கோபத்தை அடக்கி எழுதுவது கடினமாக இருக்கிறது.

மரம் நடுவோர் செய்த இன்னொரு நன்மையையும் மறைக்கக் கூடாது: வருங்காலத்துக்கு வேலை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். 2022-இல் தமிழ்நாடு அரசு அந்நிய ஊடுருவுத் தாவரங்களை அகற்றிச் சூழலை மீட்பதற்கென ஒரு கொள்கையே வகுத்தது. ஒரு தலைமுறையில் நட்ட துறை, மறு தலைமுறையில் பிடுங்குகிறது. நட்டதற்கும் மக்கள் பணம், பிடுங்கவும் மக்கள் பணம். தவறு என்று கண்டதைத் திருத்த முன்வந்த அதிகாரிகளை மனமாரப் பாராட்டுகிறேன். இந்தப் பாராட்டுக்குள் வேறு பொருள் எதுவும் இல்லை. ஆனால் வெட்டியதோடு பணி முடிந்தது என்று லாரி கிளம்பிவிட்டால், அடுத்த பருவத்தில் முன்னைவிட நெருக்கமாக எழும்புவது அதே வாட்டில்தான். வெட்டுவதற்கு ஒதுக்கும் தொகையைவிட, வெட்டிய பிறகு பத்தாண்டுகள் பிடுங்குவதற்கும் புல் நடுவதற்கும் ஒதுக்கும் தொகைதான் பெரிதாக இருக்க வேண்டும். அந்த மலையிலேயே பிறந்து, புல்லைப் பெயர் சொல்லி அறிந்தவர்களுக்கு அந்த வேலை நிலையான ஊதியத்தோடு போக வேண்டும்.

ஆகவே விழா எடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊக்கம் பெரிது, ஆள்பலம் பெரிது, ஒரே நாளில் கோடிக்கணக்கில் எண்ணும் திறமை உங்களுக்குத்தான் உண்டு. அடுத்த ஜூன் 5 அன்று கன்று ஏற்றாமல் வெறும் வண்டியில் மலைக்கு வாருங்கள். வாட்டில் வெட்டிய சரிவு எது என்று அங்கே உழைப்பவர்கள் காட்டுவார்கள். எது களை, எது புல் என்றும் சொல்லித்தருவார்கள். குனிந்து பிடுங்குங்கள். பிடுங்கியதை ஒன்றுவிடாமல் எண்ணிப் பலகையில் எழுதுங்கள். அந்தப் புகைப்படத்தில் உங்களோடு நானும் வந்து நிற்கிறேன். அதற்கடுத்த மழைக்கும் வாருங்கள், ஏனென்றால் அதே இடத்தில் மறுபடி முளைத்திருக்கும்.