டிசம்பரில் ஒரு நாள், பசிபிக்கில்

கே: டிசம்பர் 21 ஆண்டின் மிகக் குறுகிய பகலாமே! அன்று ஹவாயில் ஸ்வெட்டர் போடுவார்களா?

ப: மலையேறினால் போட்டே ஆகவேண்டும். 4,207 மீட்டர் உயரமுள்ள மௌனா கியா உச்சியில் பனியே விழும்! கீழே ஹொனலூலுவில் அன்றைக்கும் பதினொரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகப் பகல் உண்டு. அங்கே குளிர்காலம் கடல் வழியாக வருகிறது. வடபசிபிக் புயல்கள் கிளப்பிவிடும் அலை, ஓவாஹு தீவின் வடகரையில் சில நாட்களில் மூன்று மாடி உயரம் எழும். அலாஸ்காவிலிருந்து கூன்முதுகுத் திமிங்கிலங்கள் குட்டி ஈன வந்து சேரும்.

கே: சமோவாவிலும் அன்று சீக்கிரம் இருட்டிவிடுமா?

ப: அங்கே அதுதான் மிக நீண்ட பகல். நிலநடுக்கோட்டைத் தாண்டியாயிற்றே!

கே: நடுக்கோட்டை ஒட்டிய கிரிபாட்டியில்?

ப: தலைநகர் தராவாவில் ஜூன் பகலுக்கும் டிசம்பர் பகலுக்கும் ஏறக்குறைய பத்து நிமிடம்தான் வித்தியாசம். அதே நாட்டின் கிறிஸ்துமஸ் தீவில் கடிகாரம் ஹொனலூலு நேரத்தையே காட்டும். தேதி மட்டும் ஒரு நாள் முந்தி!

கே: பழைய ஹவாய்க்காரர்கள் குறுகிய பகலுக்கு விழா எடுத்தார்களா?

ப: அவர்கள் பார்த்தது நம் கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தை. நவம்பரில் அது அந்திப்பொழுதில் கிழக்கே எழுந்ததும், அடுத்த பிறையோடு மகாஹிகி தொடங்கும். லோனோ தெய்வத்துக்கு ஏறக்குறைய நான்கு மாத விழா: காணிக்கை, விருந்து, மல்யுத்தம். விழா முடியும்வரை போருக்குத் தடை. இந்த ஏற்பாட்டுக்காகவே அவர்களைக் கும்பிடலாம்.