வாய் திறக்காமல் கேட்கும் வாரம்

மில்ஃபோர்ட் எழுத்தாளர் சந்திப்பில் ஒரு விதியை மட்டும் யாரும் மீறுவதில்லை. உங்கள் கதையைப் பற்றி மற்றவர்கள் பேசி முடிக்கும்வரை நீங்கள் வாய் திறக்கக் கூடாது. வட்டமாக உட்கார்ந்திருப்பவர்கள் அதிகம் போனால் 15 பேர். ஆளுக்குச் சில நிமிடம். ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். சுற்று முடிந்த பிறகுதான் எழுதியவர் பதில் சொல்லலாம். அதற்குப் பின் எல்லோருமாகப் பேசலாம்.

இந்த ஏற்பாடு 1956இல் அமெரிக்காவில் பிறந்தது. டேமன் நைட், ஜூடித் மெரில், ஜேம்ஸ் பிளிஷ் என்ற மூன்று அறிவியல் புனைகதை எழுத்தாளர்கள் அப்போது பென்சில்வேனியா மாநிலத்தில் டெலவேர் ஆற்றங்கரைச் சிற்றூரான மில்ஃபோர்டில் குடியிருந்தார்கள். சக எழுத்தாளர்களை அங்கே அழைத்து, அச்சுக்குப் போகாத கதைகளை ஒருவருக்கொருவர் படித்துப் பிரித்துப் பார்த்தார்கள். சொல்லுக்கு இவ்வளவு காசு என்று பத்திரிகைகள் கூலி கொடுத்த காலத்தில், தங்கள் எழுத்தை இலக்கியமாக மதித்துப் பேச ஓர் இடம் அவர்களுக்குத் தேவைப்பட்டது. அங்கிருந்து கற்றுக்கொண்டு போன ராபின் ஸ்காட் வில்சன் 1968இல் கிளாரியன் பட்டறையைத் தொடங்கினார். 1970இல் அதில் மாணவியாக உட்கார்ந்தவர் ஆக்டேவியா பட்லர். பிளிஷ் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தபோது சந்திப்பும் கூடவே வந்தது. 1972 முதல் பிரிட்டனில் நடக்கிறது.

இப்போது அது கூடுவது வட வேல்ஸில், நான்ட்லே பள்ளத்தாக்கில். ஒரு காலத்தில் உலகத்துக்கே கூரைப் பலகைக்கல் வெட்டி அனுப்பிய இடம். பெரிய கல்குவாரியான டோரோதியா 1970இல் மூடப்பட்டது. கல் குப்பை மலை மலையாகக் கிடக்கிறது. அங்குள்ள ஏரியின் ஓரத்தில் நின்றால் பள்ளத்தாக்கின் முடிவில் 1085 மீட்டர் உயர அர் வித்வா சிகரம் தெரியும். வேல்ஸின் பழங்கதைத் தொகுப்பான மாபினோகியில் இதே பள்ளத்தாக்கு வருகிறது. அந்தக் கதையில் ஓக், மெடோஸ்வீட் உள்ளிட்ட மூன்று செடிகளின் பூக்களைக் கொண்டு இரண்டு மந்திரவாதிகள் ஒரு பெண்ணைச் செய்து, ஒருவனுக்கு மனைவியாகக் கொடுத்துவிடுகிறார்கள். அவளுக்கு விருப்பமா என்று யாரும் கேட்கவில்லை. அவள் இன்னொருவனைக் காதலிக்கிறாள்; கடைசியில் ஆந்தையாக்கப்படுகிறாள். ரோபோ என்ற சொல்லை காரெல் சாபெக்கின் நாடகம் 1920இல் உலகுக்குத் தந்தது. செய்யப்பட்ட உயிருக்கும் ஒரு மனம் உண்டு என்ற எண்ணமோ அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இந்த மலைகளுக்கிடையில் கதையாகியிருந்தது. அந்தக் கதையை விடவும் நேர்மையாக அந்த மனத்தின் விருப்பம் என்ன என்ற கேள்வியைக் கேட்ட அறிவியல் புனைகதைகள் அதிகமில்லை என்பது என் எண்ணம்.

நான் முதலில் போன வருடங்களில் பலர் கதைகளைத் தாளில் அச்சிட்டு, ஓரமெல்லாம் பென்சிலால் எழுதிக்கொண்டு வருவார்கள். காலையில் படிப்பு, பிற்பகலில் வட்டம், இரவில் பேச்சு. தாள் போய்க் கைக்கணினி வந்துவிட்டது. நாளின் ஒழுங்கு மட்டும் அப்படியே இருக்கிறது. மாறியது கதைகளும் அவற்றைப் படிக்கிறவர்களும்தான்.

அந்த நாட்களில் லண்டனில் நாற்பது டிகிரி வெயில் அடிப்பதாக ஒருவர் கதை கொண்டுவந்திருந்தார். தண்டவாளம் வளைகிறது, முதியவர்கள் வீட்டுக்குள்ளேயே சாகிறார்கள். நடை நன்றாக இருந்தது. ஆனால் வட்டத்தில் ஒருவர் விடாமல் வெப்பநிலையைக் குறைக்கச் சொன்னார்கள். அந்த எண்ணை வாசகர் நம்பமாட்டார் என்றார்கள். எழுதியவர் விதிப்படி பேசாமல் குறித்துக்கொண்டார். 2022 ஜூலை 19ஆம் தேதி லிங்கன்ஷயரின் கோனிங்ஸ்பியில் 40.3 டிகிரி பதிவானது. லண்டனிலும் நாற்பதைத் தாண்டியது. இப்போது வரும் கதைகளில் பருவநிலை ஒரு கற்பனையாகவே வருவதில்லை. மழையையும் காற்றையும்போலப் பின்னணியில் இருக்கிறது. கதை அதற்குள்ளே ஒரு தாயும் மகனும் பேசிக்கொள்வதில் நடக்கிறது. இது எனக்குத் துயரமாக இருக்கிறது. எழுத்து முன்னைவிட ஆழமாகியிருக்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

என் கதை ஒன்று. கடல் யாழ்ப்பாணத்தை விழுங்கிய ஒரு நூற்றாண்டில் ஒரு குடும்பம் விண்கலம் ஏறுகிறது. அம்மா ஒடியல் மாவைப் பொதிந்து எடுத்துவருகிறாள், வருடக்கணக்கில் கெடாது என்பதால். அந்தக் கதையை முதலில் கொண்டுபோனபோது வட்டத்தில் ஒருவர்பின் ஒருவராக ஒடியலை விளக்கச் சொன்னார்கள்: பனை என்றால் என்ன, கிழங்கு எப்படி வரும், ஏன் காயவைக்கிறார்கள். அன்பாகத்தான் கேட்டார்கள். ஆனால் விளக்கம் நுழைய நுழைய அம்மா கதையைவிட்டு வெளியே போய்க்கொண்டிருந்தாள். அதே கதையின் விரிந்த வடிவத்தை அண்மையில் மறுபடி கொண்டுபோனேன். மில்ஃபோர்ட் இப்போது வெள்ளையரல்லாத எழுத்தாளர்களுக்கு உதவித்தொகை கொடுக்கிறது. வட்டத்தின் முகங்கள் மாறியிருக்கின்றன. லாகோஸில் பிறந்த இளம்பெண் ஒருவர் தன் முறை வந்ததும் சொன்னார்: “விளக்குகிற வரிகளை எடுத்துவிடுங்கள். அவள் அந்தப் பையை யாருக்கும் கொடுக்காமல் மடியில் வைத்திருக்கிறாளே, அது போதும்.” அவருக்குப் பிறகு பேசியவர்களும் அதையே ஒட்டிப் பேசினார்கள். ஒடியலைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

எழுதியவரை வாய்மூடி உட்காரவைக்கும் வழக்கத்தை இன்று பலர் எதிர்க்கிறார்கள். பெரும்பான்மையினரின் ரசனை சிறுபான்மை எழுத்தாளரின் தலையில் ஏறி உட்கார அது வழிசெய்கிறது என்று மாத்யூ சாலஸஸ் 2021இல் ஒரு புத்தகமே எழுதினார். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. நான் அதை அனுபவித்திருக்கிறேன். ஆனாலும் அந்த மௌனத்தை நான் விடமாட்டேன். வாய் மூடியிருக்கும்போதுதான், நான் எழுத நினைத்ததற்கும் தாளில் இருப்பதற்கும் உள்ள தூரம் எனக்குத் தெரிகிறது. தீங்கு செய்வது மௌனமில்லை, சுற்றி ஒரே மாதிரி ஆட்கள் உட்கார்ந்திருப்பது.

இன்றைய இரவுப் பேச்சில் அடிக்கடி வருவது இயந்திரம் எழுதும் கதை. 2023 பிப்ரவரியில் கிளார்க்ஸ்வேர்ல்ட் இதழ் அத்தகைய கதைகள் வந்து குவிந்ததால் புதிய படைப்புகளை வாங்குவதையே கொஞ்ச காலம் நிறுத்தியது. ஆசிரியரின் மேசையில் ஓர் அறிமுக எழுத்தாளரின் கதை இருந்தால் அது அந்தக் குவியலுக்கு அடியில். இதைப் பேசும்போது எல்லோர் குரலும் தணிந்துவிடும். கதைகளின் எண்ணிக்கை இனி ஏறிக்கொண்டேதான் போகும். ஒரு கதையை மதித்து இரண்டு தடவை படித்து, பதினோராம் பக்கத்தில் அந்தத் தம்பி ஏன் திரும்பிப் பார்க்கவில்லை என்று கேட்கிற மனிதர்கள் அந்த வேகத்தில் பெருகமாட்டார்கள்.

தமிழில் சுஜாதாவுக்குப் பிறகும் அறிவியல் புனைகதை எழுதுகிறவர்கள் உண்டு. புத்தகம் வந்தபின் வெளியீட்டு விழா உண்டு, பொன்னாடை உண்டு. அச்சாகும் முன்பு வரிவரியாகப் படித்துச் சொல்ல ஆட்கள் கிடைப்பதுதான் அரிது. அதனால் லண்டனில் தமிழில் எழுதும் சிலரைக் கேட்டிருக்கிறேன். ஆறேழு பேர் வந்தாலும் போதும். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், என் வீட்டுக் கூடம், ஒரு கடிகாரம். தேநீரும் வடையும் என் பொறுப்பு. கதைகளை இரண்டு வாரம் முன்பே அனுப்பிவிட வேண்டும்; படிக்காமல் வருகிறவருக்கு அன்று பேச்சு கிடையாது.