கங்காணிக்கு லீவு கோரும் மனு

தோட்டத் துரை அவர்கள் சமூகத்துக்கு,

அப்புத்தளைத் தோட்டமொன்றின் கொழுந்து மலையிலிருந்து எழுதிக்கொள்வது. நலம். நலமில்லாவிட்டாலும் அப்படித்தான் எழுதவேண்டும். வேலைக்கு வராத நாளுக்குப் பேர் இல்லை, அதாவது சம்பளம் இல்லை.

2016 கூட்டு ஒப்பந்தத்தின் 730 ரூபாயில் 60 ரூபாய் வரவுக் கொடுப்பனவு. 2019இல் அதை எடுத்துவிட்டார்கள். 2026 பட்ஜெட்டில் அரசாங்கம் நாளுக்கு 200 ரூபாய் வரவு ஊக்குவிப்பு அறிவித்தது. நாங்கள் வேலைக்கு வராத நோய்க்குப் பேர் சோம்பல், மருந்து காசு என்று பெரியவர்கள் முடிவு செய்துவிட்டார்கள்.

இன்னொரு மருந்தும் உண்டு, ஐயா. எங்களை மேய்க்கும் கங்காணி தன் மகள் கல்யாணத்துக்காகப் பண்டாரவளை போயிருந்த வாரம், டிஸ்பென்சரிக்கு ஒருத்தியும் போகவில்லை. மலை அதே மலை, மழை அதே மழை, அட்டைகூட அதே அட்டை. அவர் திரும்பிய திங்கட்கிழமை, காலையில் ஆள் கூடும் பெரட்டுக் களத்திலேயே மூன்று பேருக்குத் தலை சுற்றியது.

அவருக்குப் பிடிக்காதவளுக்குக் கொழுந்து பறிக்கக் கெட்ட நெரை. எதிர்த்துப் பேசினால் தராசில் கழிவு, அந்தியில் அரைப்பேர். எல்லோர் முன்னாலும் அவர் சொல்லும் வார்த்தைகளை இங்கே எழுதினால் காகிதம் கூசும். ராத்திரி தூக்கம் வராது, விடிந்தால் வயிற்றைப் பிசையும். அதற்கு டிஸ்பென்சரியில் பெனடோல் தருகிறார்கள். நல்ல மருந்துதான். அதைக் கங்காணிக்குக் கொடுத்தால் எங்கள் தலைவலி போகுமா என்று இன்னும் யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

அவரும் பாவம். அவரை பீல்ட் ஆபிசர் ஏசுகிறார், பீல்ட் ஆபிசரை யார் ஏசுவது என்று தங்களுக்கே தெரியும். கொழும்பு ஆபிசில் ஒருவருக்கு வரும் கோபம் மத்தியானத்துக்குள் எங்கள் கூடைக்கு வந்துவிடுகிறது. உடரட்ட மெனிக்கே ரயில்கூட ஒருநாளும் அவ்வளவு வேகமாக வந்ததில்லை.

டவுனில் கடைச் சிப்பந்திக்கு 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி சுகவீனம் முதலிய காரணங்களுக்கு வருடத்தில் 7 நாள் சம்பளத்தோடு லீவு. நாங்கள் கடையில் இல்லை, கடையில் விற்கும் தேயிலையில் இருக்கிறோம். அதனால் எங்களுக்கு லீவு கேட்கவில்லை. கங்காணிக்குக் கொடுங்கள், முழுச் சம்பளத்தோடு. மலை முழுக்க ஆளுக்கு 200 கொடுப்பதைவிட மலிவு. சந்தேகமென்றால் கணக்கப்பிள்ளையைக் கேளுங்கள். அவரையும் லீவில் அனுப்பும் எண்ணமிருந்தால் வேறு யாரையாவது கேளுங்கள்.

முறைப்பாடு எதுவும் கங்காணி வழியாகத்தான் வரவேண்டும் என்பது தோட்டத்து வழக்கம். அவர்மேல் சொல்லும் முறைப்பாட்டையாவது வேறொருவர் வாங்கும்படி செய்யுங்கள். இந்த மனுவைத் தபாலில் போடுகிறேன். தயவுசெய்து பதிலை அவர் கையில் கொடுத்தனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
கொழுந்து மலையில் ஒருத்தி