பெயர் தெரியாத வேட்பாளர்

கேள்வி: தேர்தலுக்குப் பல மாதம் முன்பே வெளியாகும் கருத்துக்கணிப்புகள், பிரபலமாகாத வேட்பாளரின் உண்மையான செல்வாக்கைக் காட்டுமா? – வாசகர், கிருஷ்ணன்கோவில்.

பதில்: காட்டாது. ஆரம்பகாலக் கணிப்பு அளப்பது ஆதரவை அன்று, பரிச்சயத்தையே. கிருஷ்ணன்கோவில் பஸ் நிறுத்தத்தில் மூட்டையோடு நிற்கும் குடியானவரிடம் 'உங்கள் ஓட்டு யாருக்கு?' என்று கேட்டால், பஸ் வந்துவிடுமே என்ற அவசரத்தில், காதில் பலகாலம் விழுந்த பெயரைத்தான் அவர் சொல்வார். உங்கள் வட்டாரமே இதற்குச் சாட்சி: 1952-இல் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து லோக்சபைக்குச் சென்றவரும், ஒன்பது ஆண்டுகள் முதலமைச்சராக இருந்தவரும், அகில இந்தியக் காங்கிரஸின் அக்கிராசனராக விளங்கியவருமான காமராஜரை, 1967-இல் விருதுநகரில், இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் தலையெடுத்த மாணவர் பெ. சீனிவாசன் 1,285 ஓட்டு வித்தியாசத்தில் வெல்வார் என்று, ஓராண்டுக்கு முன் எவர் சொல்லியிருப்பார்? ஜார்ஜியா மாநிலத்துக்கு வெளியே அதிகம் அறியப்படாத ஜிம்மி கார்ட்டர் 1976-இல் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் வென்றதும் இவ்வகையே. ஆயினும், அறிமுகமற்றோரில் பெரும்பாலோர் தோற்கவே செய்கிறார்கள். ஆகையால், அடுத்த கணிப்பைப் படிக்கையில், சதவீதத்துக்கு முன்பாக, 'இன்னும் தீர்மானிக்கவில்லை' என்றோர் எத்தனை பேர், அந்த வேட்பாளரின் பெயரையே கேள்விப்படாதோர் எத்தனை பேர் என்று பாருங்கள்.