பாதியில் விட்டதன் பெயரில் ஒரு கிரகம்

விமர்சனத்தைப் படித்தே செத்துப்போனவர் என்று ஆங்கில இலக்கியத்தில் ஜான் கீட்ஸுக்கு ஒரு பெயர் உண்டு. விமர்சனத்துக்கெல்லாம் கவிஞர்கள் சாவதாக இருந்தால் பத்திரிகை ஆபீஸ் வாசலில் நிரந்தரமாக ஒரு ஆம்புலன்ஸ் நின்றிருக்கும். கீட்ஸ் செத்தது வேறு காரணத்தால். ஆனால் அவர் பாதியில் போட்டுவிட்டுப் போன ‘ஹைபீரியன்’ என்ற காவியம் நூற்றெழுபது வருடம் கழித்து அறிவியல் புனைகதையில் ஒரு கிரகமாகவே முளைத்தது. டான் சிம்மன்ஸ் எழுதிய அந்த நாவலைக் கையில் எடுப்பவர்கள் இந்த முன்கதையைக் கேட்டுவிட்டுப் போவது நல்லது.

கீட்ஸின் அப்பா லண்டனில் வாடகைக் குதிரை லாயம் பார்த்துக்கொண்டிருந்தவர். 1804-இல் குதிரையிலிருந்தே விழுந்து இறந்தார். அம்மா துக்கம் காக்க அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டே மாதத்தில் அடுத்த கல்யாணம். 1810-இல் அவரும் காசநோயில் போய்ச் சேர்ந்தார். பிள்ளைகளுக்குக் கார்டியனாக வந்தவர் ரிச்சர்ட் அபி என்ற தேயிலை வியாபாரி. கணக்கில் புலி, அதிலும் அடுத்தவர் பணத்தை அவர்களிடமே கொடுக்காமல் வைத்திருக்கும் கணக்கில். தாத்தா சொத்திலிருந்து கீட்ஸுக்குச் சேரவேண்டிய பணம் கோர்ட்டில் தூங்கிக்கொண்டிருந்தது. இந்த விஷயம் கடைசிவரை கீட்ஸுக்கே தெரியாது. கடன் வாங்கியே காலத்தை ஓட்டினார்.

ஆள் ஐந்தடிதான். ஆனால் பள்ளிக்கூடத்தில் அடிதடிக்குப் பேர்போன பையன். டாக்டருக்குப் படிக்க லண்டன் கைஸ் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். மயக்க மருந்து இல்லாத காலம். நாலு பேர் நோயாளியை அமுக்கிப் பிடித்துக்கொள்ள, சர்ஜன் ரம்பத்தை எடுப்பார். ரத்தம் துடைத்துக் கட்டுப் போடுவது கீட்ஸின் வேலை. 1816-இல் பரீட்சை தேறி லைசென்ஸும் வாங்கிவிட்டு, கார்டியனிடம் போய், “கவிதை எழுதிப் பிழைக்கப் போகிறேன்” என்றார். அபி என்ன பாடு பட்டிருப்பார் என்று பெற்றோர்களுக்குப் புரியும். பிற்பாடு, தொப்பி தயாரிக்கும் தொழிலுக்குப் போயேன் என்றுகூட ஜாடையாகச் சொல்லிப் பார்த்தார்.

1818-இல் ‘எண்டிமியன்’ வந்தது. நாலாயிரம் வரிக்குமேல். நிலாவைக் காதலித்த ஆட்டிடையன் கதை. எடின்பரோவின் ‘பிளாக்வுட்ஸ்’ பத்திரிகையில் ‘இசட்’ என்ற புனைபெயரில் லாக்ஹார்ட் எழுதினார். பட்டினி கிடக்கும் கவிஞனைவிடப் பட்டினி கிடக்கும் மருந்துக்கடைக்காரன் மேல், மாத்திரை உருட்டப் போ தம்பி என்பது சாரம். ‘குவார்ட்டர்லி ரிவ்யூ’வில் குரோக்கர் இன்னும் ஒரு படி மேலே போனார். நாலு பாகத்தில் முதல் பாகத்துக்குமேல் என்னால் தாண்ட முடியவில்லை என்று அவரே ஒப்புக்கொண்டு, அந்த ஒரு பாகத்தை வைத்தே முழுப் புத்தகத்தையும் கிழித்தார். படிக்காமல் விமர்சிப்பவர்கள் எல்லாக் காலத்திலும் உண்டு. அதை எழுதியே கொடுத்தவர் குரோக்கர்.

அந்த வருடக் கடைசியில்தான் ‘ஹைபீரியன்’ தொடங்குகிறது. ஒரு பக்கம் தம்பி டாம் காசநோயில் கிடக்கிறான். பணிவிடை செய்துகொண்டே அண்ணன் கடவுள்களின் வீழ்ச்சியை எழுதுகிறார். கிரேக்கப் புராணத்தில் டைட்டன்கள் பழைய கடவுள்கள். அவர்களின் வாரிசுகளான ஒலிம்பியர்கள் அவர்களைத் துரத்திவிட்டு ஆட்சியைப் பிடித்துக்கொண்டார்கள். தேர்தலில் டெபாசிட் இழந்த கட்சித் தலைவரைப் போல சாட்டர்ன் ஒரு பள்ளத்தாக்கில் அசையாமல் உட்கார்ந்திருக்க, மற்ற டைட்டன்கள் கூடி விவாதிக்கிறார்கள். நம்மைவிட அழகானவர்கள் வந்துவிட்டார்கள், ஒதுங்குவதுதான் முறை என்கிறார் ஓஷியானஸ். எந்தக் கூட்டத்திலும் எடுபடாத பேச்சு. போடு சண்டையை என்கிறார் என்சலேடஸ். நாற்காலி இன்னும் பறிபோகாத ஒரே ஆள் சூரியக் கடவுள் ஹைபீரியன். அவர் இடத்துக்கு அப்போலோ வரவேண்டும். மூன்றாம் பாகத்தில் அப்போலோ உடம்பெல்லாம் துடித்துக் கடவுளாக மாறுகிறார், மாறுகிறார், மாறிக்கொண்டே இருக்கிறார். வரி பாதியில் நின்றுவிடுகிறது. இன்றுவரை அவர் மாறி முடிக்கவில்லை.

டாம் டிசம்பரில் இறந்தான். 1819 ஏப்ரலோடு கீட்ஸ் காவியத்தை மூடிவைத்தார். பிறகு அதையே ஒரு கனவாக மாற்றி ‘ஹைபீரியனின் வீழ்ச்சி’ என்று எழுதிப் பார்த்து, செப்டம்பரில் அதையும் கைவிட்டார். மில்டனின் சாயல் தூக்கலாக இருக்கிறது என்பது அவர் நண்பருக்குச் சொன்ன காரணம். 1820-இல் பதிப்பாளர்கள் முதல் வடிவத்தை அப்படியே அச்சில் ஏற்றி, ‘எண்டிமியன்’ வாங்கிய அடியில் ஆசிரியர் மனம் சோர்ந்து இதை நிறுத்திவிட்டார் என்று ஒரு முன்குறிப்பும் போட்டார்கள். கீட்ஸ் ஒரு பிரதியில் அந்தக் குறிப்பை அடித்துவிட்டு, இது என் வேலையல்ல, இதெல்லாம் பொய் என்று பேனாவால் எழுதிவைத்தார். சம்பந்தப்பட்டவரே மறுத்த வதந்திதான் கடைசியில் ஜெயித்தது.

அதற்குள் இருமலில் ரத்தம் வந்துவிட்டது. படித்த வைத்தியம் அன்றைக்குத்தான் முழுசாகப் பயன்பட்டது. ரத்தத்தின் நிறத்தைப் பார்த்ததுமே முடிவு தெரிந்துவிட்டது. பக்கத்து வீட்டுக் காதலி ஃபானி பிரானை விட்டுவிட்டு, ஓவியர் ஜோசப் செவர்ன் துணையோடு இத்தாலிக்குக் கப்பல் ஏறினார். நேப்பிள்ஸில் பத்து நாள் குவாரண்டைன். ரோமில் ஸ்பானியப் படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஜாகை. சாப்பாடு வாயில் வைக்க விளங்கவில்லை. ஒருநாள் கீட்ஸ் அத்தனையையும் ஜன்னல் வழியாகக் கவிழ்த்துவிட்டார். அப்புறம் நல்ல சாப்பாடு வந்தது. நுகர்வோர் நீதிமன்றம் இல்லாத ஊரில் வேறு என்ன செய்வது?

டாக்டர் ஜேம்ஸ் கிளார்க் முதலில் கோளாறு வயிற்றில் என்றார். நாளைக்கு ஒரு துண்டு ரொட்டி, ஒரு நெத்திலி, மேற்கொண்டு ரத்தம் வடித்தல் என்று வைத்தியம் நடந்தது. 1821 பிப்ரவரி 23-இல் கீட்ஸ் இறந்தார். கிளார்க் பிற்பாடு விக்டோரியா ராணிக்கே வைத்தியராகி, கட்டியால் வயிறு வீங்கிய ஒரு பிரபுகுலப் பெண்ணைக் கர்ப்பம் என்று சந்தேகப்பட்டு அரண்மனையை நாறடித்தார். ஆக, கீட்ஸ் சாவில் காசநோய்க்கு முதலிடம், நெத்திலிக்கு இரண்டாமிடம். விமர்சகர்களுக்கு ஆறுதல் பரிசுகூடக் கிடையாது.

ஆனால் சக கவிஞர் ஷெல்லி விடவில்லை. விமர்சகனே கொலைகாரன் என்று ஒரு இரங்கல் காவியம் பாடினார். இன்னொரு கவிஞர் பைரன் அதை நக்கலடித்து நாலு வரி எழுத, வதந்தி சாசுவதமாகிவிட்டது. மறுவருடம் ஷெல்லி கடலில் மூழ்கி இறந்தார். கரை ஒதுங்கிய உடலை அடையாளம் காட்டியவற்றில் ஒன்று, சட்டைப்பையில் இருந்த கீட்ஸின் 1820 புத்தகம். பாதி ‘ஹைபீரியன்’ இருக்கிற அதே புத்தகம். அதுவும் லீ ஹண்ட் என்ற நண்பரிடம் இரவல் வாங்கியது. இரவல் வாங்கிய புத்தகம் திரும்பி வராததற்கு இலக்கிய உலகில் இதைவிட நியாயமான காரணம் இல்லை.

இனி சிம்மன்ஸ். அமெரிக்காவில் பதினெட்டு வருடம் ஆரம்பப் பள்ளி வாத்தியார். வகுப்பில் தினமும் பிள்ளைகளுக்குச் சொல்லிவந்த தொடர்கதையில்தான் இந்த உலகத்துக்கு விதை விழுந்தது. 1989-இல் ‘ஹைபீரியன்’ வெளிவந்தது. இருபத்தெட்டாம் நூற்றாண்டு. அண்டம் முழுக்கப் போர் மூளும் நேரத்தில் ஏழு யாத்ரீகர்கள் ஹைபீரியன் கிரகத்துக்குப் போகிறார்கள். காலத்தில் பின்னோக்கி நகரும் கல்லறைகள், உடம்பெல்லாம் கத்தி முளைத்த ஷ்ரைக் என்ற நாலு கைப் பிசாசு, வழியில் ஆளுக்கொரு கதை. கிரகத்தின் தலைநகர் பெயர் கீட்ஸ். பெண் துப்பறிவாளர் பெயர் பிரான் லாமியா: பாதி கீட்ஸின் காதலி, பாதி கீட்ஸின் கவிதை. மார்ட்டின் சிலீனஸ் என்ற கவிஞருக்கு மூளை பாதித்து ஒன்பது சொல் மட்டும் மிஞ்சுகிறது, பெரும்பாலும் இங்கே அச்சில் ஏற்ற முடியாதவை. அறைக்கொரு கிரகமாக அவர் கட்டிய வீட்டில், குளியலறை ஒரு கடல் கிரகத்தில் மிதக்கும் சுவரில்லாத தெப்பம்.

செயற்கை அறிவுகள் கீட்ஸையே மறுபடி செய்கின்றன. இரண்டாம் பாகத்தில் செவர்ன் என்ற பெயரில் வரும் அந்தக் கீட்ஸ், ரோம் அறையின் நகலில் திரும்பவும் காசநோயில் சாகிறார். அந்தக் காலத்தில் கதவைத் திறந்தால் அடுத்த கிரகம். ஆனால் ஸ்ட்ரெப்டோமைசின் மட்டும் ஸ்டாக் இல்லை. படுக்கையருகே லீ ஹண்ட் என்ற அரசு அதிகாரி. புத்தகத்தைப் பறிகொடுத்தவருக்குச் சிம்மன்ஸ் ஒரு வேலையாவது போட்டுக் கொடுத்தார்.

பெயர்களை மட்டும் கடன் வாங்கியிருந்தால் இது வெறும் ரசிகர் மன்ற வேலை. சிம்மன்ஸ் எடுத்துக்கொண்டது டைட்டன்களின் சங்கடத்தை. நாவலில் டைட்டன்கள் நாம்தான். நம் கையால் பிறந்த செயற்கை அறிவுகள், எதிர்காலத்துக்கென்று ஒரு கடவுளைத் தயாரித்துக்கொண்டிருக்கின்றன. நம்மைவிட மேலானவர் வந்தால் ஒதுங்குவதா, மல்லுக்கட்டுவதா என்ற அந்தப் பழைய கூட்டம் மறுபடி கூடுகிறது. ஓஷியானஸின் பேச்சு இங்கேயும் எடுபடவில்லை.

கீட்ஸ் மேல் உள்ள மரியாதையில் சிம்மன்ஸ் முதல் புத்தகத்தையும் பாதியிலேயே நிறுத்தினார். யாத்ரீகர்கள் கைகோத்துப் பாட்டுப் பாடிக்கொண்டு கல்லறைகளை நோக்கி நடக்கிறார்கள், அட்டை வந்துவிடுகிறது. அதற்குத்தான் 1990-இல் ஹியூகோ விருது. முடிவு அதே வருடம் வந்த ‘ஹைபீரியனின் வீழ்ச்சி’யில் இருக்கிறது. எனவே வாங்குகிறவர்கள் இரண்டையும் சேர்த்தே வாங்குங்கள். கீட்ஸின் கவிதையை முன்னால் படித்தாலும் சரி, பின்னால் படித்தாலும் சரி. குரோக்கரைப் போல முதல் பாகத்தோடு எழுந்து போய் விமர்சனம் மட்டும் எழுதாதீர்கள்.