ஐந்து விரல்களையும் விரித்து

எங்கள் வீடு காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில். அப்பா பட்டு நெசவாளர். அவர் உறுப்பினராக இருந்த கூட்டுறவுச் சங்கத்தின் பேரவைக் கூட்டம் நெருங்கினால் தபாலில் ஓர் அறிவிப்பு வரும். கூட்டத் தேதி, எடுத்துக்கொள்ளும் பொருள்கள், திருத்தப்போகும் துணைவிதி எல்லாம் அதில் இருக்கும். விளக்கு வைத்த பிறகு அப்பா என்னைத் திண்ணையில் உட்காரவைத்து அதை உரக்கப் படிக்கச் சொல்வார். எழுத்துத் தெரியாத நெசவாளர்கள் சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள். "அந்த மூணாவதை இன்னொரு தடவை படிடா" என்பார் ஒருவர். மறுநாள் தெருவில் பாவு நூலை இழுத்துக் கட்டிக் கஞ்சி போடும்போதும் அதே பேச்சுத்தான். கூட்டத்துக்குப் போகிற நாளில் யாருக்கும் அது புது விஷயமாக இருக்காது.

கூட்டத்தில் கை தூக்குவார்கள், எண்ணுவார்கள். ஒருமுறை அப்பாவோடு சேர்த்து நாலே பேர் எதிர்த்துக் கை தூக்கினார்கள். தோற்றுவிட்டோமே என்று எனக்கு அழுகை வந்தது. அப்பா நேராகப் போய் அந்த நாலு பெயரையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொன்னார். "ஜெயிச்சா என்ன, தோத்தா என்ன. யார் எந்தப் பக்கம் நின்னாங்கன்னு நோட்டுல இருக்கணும்."

அந்த வயதில்தான் வாத்தியார் எங்களை உத்திரமேரூருக்கு அழைத்துப் போனார். வைகுந்தப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்து எழுத்துகள், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளுக்குரியவை. ஊர்ச் சபைப் பொறுப்புகளுக்கு, ஊரின் பகுதிகளான 30 குடும்புகளிலும் பெயரெழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு, விவரம் அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்லும் முறை. எடுத்த ஓலையை வாங்குகிறவர் ஐந்து விரல்களையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். அவர் வாசித்த பிறகு, அங்கிருக்கும் கோயில் அர்ச்சகர்களான நம்பிமார் எல்லோரும் அதையே வாசிக்க வேண்டும். வாத்தியார் தன் கையை எங்கள் முன் விரித்துக் காட்டினார். சுண்ணாம்புக்கட்டித் தூள் படிந்த அந்த உள்ளங்கை இன்னும் கண்ணில் நிற்கிறது.

அது ஆளைத் தேர்ந்தெடுக்கும் முறை, சட்டம் இயற்றும் முறை அல்ல. சொந்த மனையும் நிலமும் வேதக் கல்வியும் கேட்ட அந்தக் குடத்தில் எங்கள் தெருக்காரர் ஓலை விழுந்திருக்கவே முடியாது. ஆனாலும், கைக்குள் எதுவும் மறைந்துவிடக் கூடாது என்று ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் கல்லில் வெட்டிவைத்த அக்கறையை நான் மதிக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1962 தேர்தலில் எங்கள் ஊரிலேயே தோற்ற அண்ணா மாநிலங்களவைக்குப் போனார். மறு ஆண்டு, சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயரிடக் கோரி அந்த அவையின் உறுப்பினர் பூபேஷ் குப்தா தனிநபர் மசோதா (அமைச்சரல்லாத உறுப்பினர் கொண்டுவருவது) கொண்டுவந்தபோது அண்ணா அதை ஆதரித்துப் பேசினார். மசோதா தோற்றது. ஆனால் விவாதம் நடந்தது, பேசியவர்களின் சொற்கள் அவைக் குறிப்பில் ஏறின. 1967 ஜூலை 18இல் அதே கோரிக்கை சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானமாக நிறைவேறியது. தோற்கப்போகிற மசோதாவுக்கும் நேரம் ஒதுக்கினால் என்ன விளையும் என்பதற்கு எனக்கு வேறு சாட்சி வேண்டாம். இன்று தனிநபர் மசோதாக்களுக்கு வெள்ளிக்கிழமைப் பிற்பகல்தான் மிச்சம். 1970க்குப் பிறகு அப்படி ஒன்றுகூடச் சட்டமானதில்லை. திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை மசோதா 2015இல் மாநிலங்களவையில் நிறைவேறியும் மக்களவையைத் தாண்டவில்லை.

நேரம் ஒதுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி உண்டு. 2023 ஏப்ரல் 21. தமிழ்நாடு சட்டமன்றக் கூட்டத்தொடரின் கடைசி நாள். அன்று ஒரே மூச்சில் பல மசோதாக்கள் நிறைவேறின. 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் தொழிற்சாலைகள் சட்டத் திருத்தம் ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிகளே வெளிநடப்புச் செய்த நிலையில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. எதிர்ப்பு கிளம்பியதும் நிறுத்திவைத்தார்கள், மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். நிறைவேற்றுவதற்கு முன்னால் தொழிற்சங்கங்களைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாமே என்று அன்றைக்கு நான் பட்ட ஆதங்கம் கொஞ்சமல்ல.

அதே நாளில், விவாதமே இல்லாமல் நிறைவேறியது சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்புச் சட்டம். 100 ஹெக்டேருக்குக் குறையாத, நீர்நிலைகளை உள்ளடக்கிய நிலங்களில் வரும் திட்டங்களுக்கானது. எங்கள் ஊருக்கு அருகே பரந்தூரில் திட்டமிடப்பட்ட விமான நிலையத்தை எதிர்த்து ஏகனாபுரத்தில் மக்கள் போராடிக்கொண்டிருந்த நேரம் அது. ஏரியை நம்பி உழுகிறவர்களுக்கு இந்தச் சட்டம் எப்படிக் கேட்டிருக்கும்!

எங்கள் வீட்டில் பழைய பாவு தீர்ந்தால், அதன் முனையோடு புதுப் பாவைப் பிணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். அம்மா சாம்பலைத் தொட்டுத் தொட்டு ஒவ்வோர் இழையாக எடுத்து முறுக்குவாள். நேரமாகிறது என்று கத்தையாகப் பிடித்து முறுக்கி நான் பார்த்ததில்லை. சட்டத்துக்கும் அந்தப் பொறுமை வேண்டும் என்றுதான் கேட்கிறேன். கேரளத்தில் 1980 முதல் துறைவாரிக் குழுக்கள் மசோதாக்களைப் பரிசீலிக்கின்றன. பெரிய சட்டமன்றங்கள் ஆண்டுக்கு 90 நாளாவது கூட வேண்டும் என்று அரசியல் சட்டச் செயல்பாட்டு மறுஆய்வு ஆணையம் 2002இலேயே சொன்னது. அண்மை ஆண்டுகளில் நம் சட்டமன்றம் அதில் பாதியைக்கூடத் தொட்டதில்லை. மசோதாவைத் தமிழில் முன்கூட்டியே வெளியிடட்டும், அறிமுகத்துக்கும் நிறைவேற்றத்துக்கும் நடுவே நாட்கள் இருக்கட்டும், முக்கியமான வாக்கெடுப்பிலாவது பெயர்வாரியாகப் பதிவு செய்யட்டும். 2017 பிப்ரவரி 18 நம்பிக்கை வாக்கெடுப்பில் பகுதி பகுதியாக எழுப்பி எண்ணினார்களே, ஆட்சிக்கு எண்ணத் தெரிந்த அவைக்கு ஏரிக்கு எண்ண முடியாதா?

போன வருடம் பரந்தூர்ப் பக்கத்து நண்பர் அந்த நில ஒருங்கிணைப்புச் சட்டத்தை அச்செடுத்து எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். கூட இன்னும் நாலைந்து பேர். அதே திண்ணை. நான் பிரிவு பிரிவாக உரக்கப் படித்தேன். முடித்ததும் கடைசியில் உட்கார்ந்திருந்த பெரியவர் கேட்டார்: "இதுக்கு நம்ம எம்.எல்.ஏ. ஆம்னு சொன்னாரா, இல்லைன்னு சொன்னாரா?"

குரல் வாக்கெடுப்பில் பெயர்கள் பதிவாவதில்லை என்றேன். அவர் தாளை என்னிடமிருந்து வாங்கி, எழுத்துத் தெரியாத கையால் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிப் பார்த்தார்.